பாலைக்கரையிற் கடலாட எண்ணியது

கடலாடுதல் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. ஆயினும், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் யாம் நால்வர், அறுபதாம் அகவையை எட்டியும் எட்டாமலும் நிற்கும் இப்பருவத்தே, எகிப்து நாட்டுப் பாலைநிலத்தின் ஓரத்திற் சென்று தங்கிச் செங்கடலுள் மூழ்கி அதன் அடிநிலத்தைக் காண்போமென்று துணிந்தது, எம் வீட்டாருக்கு மட்டுமன்றி எமக்கே வியப்பாகவுள்ளது. பயணம் இன்னும் நிகழவில்லை. வருகின்ற ஏப்ரல் திங்களில் நிகழவிருப்பது அது. எனினும், செல்லுதற்கு முன் திட்டமிட்ட எட்டுத் திங்களில் யாம் கற்றனவும் தம்முள் மாறுபட்டனவும் பலவாதலின், அவற்றை நம் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமென்று கருதினோம்.

யாம் நால்வரும் நம் கல்லூரி விடுதியில் ஒரே தாழ்வாரத்தில் மூன்றாண்டு வாழ்ந்தவர்கள். எம்முள் இருவர் விழுப்புரத்தார். ஒருவர் புகைவண்டிச் சந்திப்பிற் பணியாற்றி அண்மையில் ஓய்வுபெற்றவர், மற்றவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஏனையிருவர் திண்டிவனத்தார், ஒருவர் வங்கிக் கணக்கர், மற்றவர் தமிழாசிரியர். மருந்துக்கடையார் தமிழாசிரியரின் தங்கையை மணந்தவர் என்பதனையும் ஈண்டுக் கூறிவிடுதல் நன்று; பின்னர் அது வேண்டப்படும். திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் சந்திப்பின் நடைமேடையில் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடைபெறும். திண்டிவனத்தார் இருவரும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவை வண்டியிற் கடந்து வருவர். தேநீர்க்கடையும் அமரும் பலகையும் மின்விசிறியும் அருகருகே அமைந்த இடம் விழுப்புரத்தில் வேறெங்குமில்லை என்பது எம் புகைவண்டி நண்பரின் கொள்கை.

செங்கடலென்னும் எண்ணம் முதலில் எழுந்தது அந்நண்பரின் மைந்தரால். அவர் ஜித்தா நகரில் தொழில் புரிபவர். ஓய்வு நாட்களில் கடலுள் மூழ்கிப் பவளப்பாறைகளைக் கண்டு, படங்களை எமக்கு அனுப்பிக் கொண்டிருந்தார். மஞ்சளும் ஊதாவுமாகிய மீன்கள் தோட்டத்துப் பூக்களிடையே பறவைகள் திரிவனபோல் அப்படங்களிற் காணப்பட்டன. ஒரு முறையேனும் இதனை நேரிற் காணவேண்டுமென்று யாம் பேசியது முதலில் வெறும் பேச்சாகவே இருந்தது. அதனை வினையாக்கியவர் தமிழாசிரியர்.

அவர் கூறிய காரணம் இது. எகிப்தின் செங்கடற்கரையில் குசைர் என்றோர் ஊருண்டு. அதற்கு வடக்கே சில கிலோமீட்டரில், பழைய குசைர் எனப்படும் மணல்மேடு ஒன்று ஒரு சிறு குடாவின் அருகிலுள்ளது. உரோமர் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் என்று வழங்கிய பெருந்துறை இதுவேயென்பது இன்று ஆராய்ச்சியாளர் துணிபு. இத்துறையினின்று ஆண்டுதோறும் 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் சென்றனவென்று ஸ்ட்ராபோ என்னும் நிலநூலாசிரியர் எழுதிவைத்தார். 1978 முதல் 1982 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தாரும், 1999 முதல் 2003 வரை சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தாரும் அங்கே அகழ்ந்தனர். முன்னவர் கண்டெடுத்த ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. பின்னவர் கண்டெடுத்த ஓட்டிலுள்ள சொற்களைப் ‘பானை ஒறி’ என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். பானையைத் தூக்கும் உறி என்பது பொருள். ஈராயிரம் ஆண்டுக்கு முன், பாலைக்கரையில், எவனோ ஒரு தமிழன் தன் உறிப்பானை பிறன் பானையோடு மாறிவிடலாகாது என்று பெயரெழுதி வைத்தான். அரசன் புகழையோ தெய்வத்தின் பெயரையோ எழுதாமல் உறியை எழுதிய அந்த வீட்டுப்புத்தி எம் அனைவர் உள்ளத்தையும் கவர்ந்தது.

இன்னுமொன்று. அக்காலத்துக் கிரேக்க மாலுமியொருவர் எழுதிய, செங்கடற் பயண நூலென்று வழங்கும் ‘பெரிப்ளஸ்’ தமிழகத்துக் கீழ்க்கரைத் துறைகளுள் சோபட்மா என்பதையும் குறிக்கின்றது. அது சோபட்டினம் என்பதன் திரிபென்றும், சோ என்றாலும் எயில் என்றாலும் மதிலேயாகலின் சங்கநூல் கூறும் எயிற்பட்டினமே அதுவென்றும், எயிற்பட்டினம் நம் மரக்காணமேயென்றும் அறிஞர் பலர் கொள்வர். சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுடைய கிடங்கில் நகரம் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாயிருப்பதை நம் மாணவர் பலரும் அறிவர். ஆகவே, மரக்காணத்து உப்பளத்தருகே நின்றவன் ஒருவன் பழைய குசைரின் மணலில் இறங்குதல் அயல்நாடு செல்லுதல் ஆகாது, பழைய வணிகவழியைப் புதுப்பித்தலேயாகும் என்று ஆசிரியர் வாதித்தார். வங்கிக் கணக்கர், ‘பழையவழியாயினும் கட்டணம் புதியதன்றோ’ என்றார். ஆயினும் அன்றே நால்வரும் மாதச் சீட்டொன்றிற் சேர்ந்தோம்.

பாலைநிலத்தின் ஓரத்துக் கடலில் ஏன் மூழ்கவேண்டும், வங்கக்கடல் வீட்டுவாயிலிலன்றோ உள்ளது என்று வினவுவார் உளர். எம் மருந்துக்கடை நண்பரே அவ்வாறு வினவினார். அவர் சிக்கனத்தை நோன்பாகக் கொண்டவர். இதற்குரிய விடை நிலநூலில் உள்ளது. பவளவுயிர்கள் வாழ்வதற்கு வெதுவெதுப்பும் வெளிச்சமும் தெளிவுமுடைய நீர் வேண்டும். நம் கரையில் தென்பெண்ணையும் கெடிலமும் செஞ்சியாறும் மழைக்காலத்து வண்டலைச் சுமந்து வந்து கடலிற் கலக்கின்றன. வயலுக்கு அது வாழ்வு; நீரினடியிற் காண விழைவார்க்கோ அது திரை. செங்கடலிலோ ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் வந்து கலப்பதில்லை; மழையும் மிகச் சிறிது. வெயிலால் நீர் ஆவியாக, இழந்ததை ஈடுசெய்யத் தெற்கேயுள்ள குறுகிய வாயில் வழியே இந்துமாகடல் நீர் உள்ளே வருகின்றது. அதனால் உப்பு மிகுந்து, ஆயிரம் பங்குக்கு 40 பங்கை ஒட்டி நிற்கின்றது. பொதுவாகக் கடல்நீரில் அது 35 பங்கேயாம். கரையிற் புல்லும் முளையாத வறுமையே கடலின் அடியிற் பூங்காவாகியது. பாலையென்னும் நிலம் தனக்கென ஒரு வளமுமின்றிப் பிற நிலங்கள் திரிந்து தோன்றுவதென்று நாம் படித்தோம். அப்பாலை நெய்தலைச் சேரும் இடத்தில் நெய்தல் இத்துணைப் பொலிவு பெறுமென்பதனை எம் ஆசிரியரே முன்பு அறியார்.

தூத்துக்குடிப் பக்கம் செல்லலாமே என்பது மருந்துக்கடையாரின் இரண்டாம் வாதம். தேரி எனப்படும் செம்மணற் குன்றுகள் கடலை அடுத்துக் கிடக்கும் அந்நாடு நம் தமிழகத்துப் பாலைக்கரையென்பதில் ஐயமில்லை. முத்துக்குளிப்பின் தாயகமும் அதுவே. ஆயின் 1961க்குப் பின் அங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவன. அங்கே விளையாட்டுக்காக மூழ்கக் கருதுதல் நம் போன்றார்க்கு அழகன்று. அவ்வாதம் அவ்வளவில் நின்றது. எனினும் முத்துக்குளிப்பாரைப் பற்றி அன்று அவர் கூறிய செய்தியொன்று எம்மிடையே நிலைத்துவிட்டது. கல்லைக் காலிற் கட்டி இறங்குபவன், தன் உயிர்க்கயிற்றைப் படகில் நிற்கும் மைத்துனன் கையிலேயே கொடுப்பானென்று வழங்குவர். தங்கையைக் கைம்பெண்ணாக்க எந்தத் தமையன் இசைவான்? இதனைச் சொல்லி அவர் தம் மைத்துனராகிய ஆசிரியரைப் பார்த்து நகைத்தார்.

எப்பொழுது செல்வது என்பது அடுத்த வினா. செங்கடல் நீர் இதமாகவிருப்பது அக்டோபரில் என்று ஜித்தாவிலுள்ள மைந்தர் எழுதினார். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் விழுப்புரத்தை விட்டு நீங்குதல் எம்மால் இயலாது. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரைகடந்து எம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கிய பின், மழைக்காலத்தில் வீட்டைப் பூட்டிச் செல்லும் துணிவு எவர்க்கும் இல்லை. தைத்திங்களில் அங்கே காற்றும் குளிரும் மிகுதி. ஆகவே ஏப்ரல் என்று முடிவாயிற்று. நீர் சற்றுக் குளிர்ந்திருக்கும். தடித்த நீருடை அணிந்தால் அது பெரிதன்று. அதே 2024 நவம்பரில், புயலுக்குச் சில நாள் முன்பு, செங்கடலில் மர்சா ஆலம் என்னுமூருக்கு அருகில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து சிலர் உயிரிழந்தனர். எம் இல்லத்தார் நால்வரும் அச்செய்தியை நன்கு நினைவில் வைத்திருந்தனர். படகில் நாட்கணக்காகத் தங்கி மூழ்கும் பயணம் எமக்கு வேண்டா, கரையினின்றே நடந்து இறங்கக்கூடிய இடமே வேண்டுமென்று அவர்கள் விதித்த விதியை யாம் மறுப்பின்றி ஏற்றோம். பழைய குசைரின் குடாவிலோ கரையை ஒட்டியே பவளப்பாறை தொடங்குகின்றது. தங்குமனையும் மூழ்குவார்க்குரிய பயிற்சிக்கூடமும் அருகிலேயே உள்ளன. உறிப்பானைக்காரன் இறங்கிய துறையே எமக்கும் உகந்த துறையாக அமைந்தது கண்டு ஆசிரியர் அடைந்த மகிழ்ச்சி பெரிது.

இனி, மூழ்கும் முறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கடல்மட்டத்தில் நம்மேல் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் உண்டு. நீருள் 10 மீட்டர் இறங்கினால் அது இருமடங்காகும். 20 மீட்டரில் மும்மடங்கு. பாயில் கண்ட விதிப்படி, அழுத்தம் இருமடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும். ஆகலின், 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய மூச்செடுத்தவன் அதனை அடக்கிக்கொண்டு மேலே வருவானாயின், அக்காற்று இருமடங்காய் விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். எக்காரணத்தாலும் மூச்சை அடக்காதே என்பதே இக்கலையின் முதல் விதி. மூச்சடக்குதலே கலையாகக் கொண்ட முத்துக்குளிப்பாரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இது தலைகீழாய்த் தோன்றலாம்; அவர்கள் மேலிருந்து கொண்டுசென்ற மூச்சு, மேலே வரும்போது பழைய அளவினையே அடையும் என்பதே வேறுபாடு. முதல்நிலைச் சான்று பெறுவோர் 18 மீட்டர் வரை இறங்கலாம். அதற்கு முன் 200 மீட்டர் நீந்தியும், 10 நிமிடம் கைப்பற்றின்றி மிதந்தும் காட்டவேண்டும். எம்முள் மூவர் பம்புசெட்டுக் கிணறுகளில் நீந்தக் கற்றவர்களாதலின் கவலையில்லை. வங்கிக் கணக்கர் மட்டும் புதுச்சேரியில் ஒரு நீச்சற்குளத்தில் சிறுவர்களோடு சேர்ந்து கற்றார். அச்சிறுவர்கள் அவரைத் ‘தாத்தா, காலை உதையுங்கள்’ என்று ஊக்கியதை அவர் இன்றும் சொல்லி மகிழ்வார்.

மூழ்குவார் எவரும் தனியே இறங்கலாகாது. இருவர் இருவராகவே இறங்கி, ஒருவர் மூச்சுக்கு மற்றவர் காவலாக இருத்தல் வேண்டும். எம்முள் புகைவண்டியாரும் கணக்கரும் ஓர் இணை. மருந்துக்கடையாரும் ஆசிரியரும் ஓர் இணை. மைத்துனர் கயிறு பொருத்தமாகவே அமைந்ததென்று நகையாடினோம்.

அப்பொழுதுதான் உடல்நிலைப் படிவம் வந்தது. மூழ்கப் புகுவார் அனைவரும் நிரப்பவேண்டிய வினாத்தாள் அது. இருதயம், மூச்சு, வலிப்பு முதலியவற்றைப் பற்றிய வினாக்களோடு காதைப் பற்றியதும் உண்டு: காது நோய், காதில் அறுவை, கேள்விக்குறை இருந்தனவா? ‘ஆம்’ என்றால் மருத்துவர் ஆராய்ந்து எழுதிய சான்று வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் கையெழுத்திட்டாற் போதும். ஆசிரியர்க்கு இளமையில் வலக்காதிற் சீழ் வடிந்து, இருபத்தேழாம் வயதில் செவிப்பறையில் அறுவை நிகழ்ந்தது. யாமனைவரும் அதனை அறிவோம். ஆயின் முப்பதாண்டுக்கு மேலானமையின் எவரும் அதனைக் கருதவில்லை. அவர் தம் பேனாவை எடுத்து, ‘இல்லை என்று எழுதிவிடுகின்றேன். யார் வந்து காதுக்குள் பார்க்கப் போகின்றார்?’ என்றார்.

எம்முள் உண்மையான பிளவு அன்று தோன்றியது. புகைவண்டியாரும் கணக்கரும் ஆசிரியர் பக்கம் நின்றனர். அவர் முப்பதாண்டுக்கு மேலாக நெய்தற் பாட்டைக் கற்பித்தவர். கடலின் மேற்புறத்தையன்றி உட்புறத்தை ஒருநாளும் கண்டிராதவர். இப்பயணமே அவர் எண்ணத்தாற் பிறந்தது. காதோ நெடுங்காலமாகத் தொந்தரவு தரவில்லை. சில மீட்டர் இறங்கி ஏறுவதற்குள் என்ன நேர்ந்துவிடும் என்பது அவர்தம் கட்சி. மருந்துக்கடையார் இணங்கவில்லை. நீரழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கைப் பிடித்து ஊதி நடுச்செவிக்குக் காற்றைச் செலுத்தினாலன்றி மூன்று மீட்டரிலேயே நோவு தாங்கவியலாது. ஒட்டிய பறை கிழிந்து குளிர்நீர் உட்புகுந்தால் தலைசுழன்று மேலெது கீழெது என்று விளங்காமற் போகும் என்று விளக்கினார். ஆசிரியர் சினந்து, ‘காது என்னுடையது’ என்றார். அதற்கு மருந்துக்கடையார் சொன்ன மறுமொழியை யாம் நால்வரும் மறக்கவில்லை: ‘மச்சான், காது உம்முடையது. ஆனால் கீழே உமக்குத் தலைசுற்றும்போது உம் கையைப் பிடித்திருப்பவன் நான். இந்தத் தாளில் நீர் எழுதும் பொய்க்கு நானும் கையெழுத்துப் போட்டவன் ஆவேன். உம் தங்கையிடம் என்ன சொல்லட்டும்?’

கூட்டம் அன்று தேநீருமின்றிக் கலைந்தது.

ஒரு கிழமை கழித்து யாம் மூவரும் திண்டிவனம் சென்றோம். ஆசிரியர் கிடங்கில் ஏரிக்கரைப் பக்கம் உலாவச் சென்றிருந்தார். அவர்தம் இல்லத்தரசியார் எம்மை அமரச் செய்து காப்பி தந்து, பின்பு சொன்னார்: ‘அண்ணா, மழைக்காலம் வந்தால் அவருக்கு வலக்காது இராமுழுதும் இரைகின்றது. படுக்கையில் இடப்பக்கம் திரும்பினால் அறை சுற்றுகிறது என்பார். உங்களிடம் சொல்லாதே என்று என்னிடம் ஆணை வாங்கியிருக்கிறார். நான் போகவேண்டாம் என்று தடுக்கவில்லை. முப்பது வருஷமாக இந்தக் கடலைத்தான் பேசுகிறார். மருத்துவர் பார்த்துச் சரி என்றால் அனுப்புகிறேன். அதற்கு மட்டும் நீங்கள் அவரைச் சம்மதிக்கச் செய்யுங்கள்.’ பொய்க்குத் துணைநிற்கலாமென்று எண்ணிய இருவரும் அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை.

புதுச்சேரியில் காது மருத்துவர் ஒருவர் கருவிகொண்டு ஆராய்ந்தார். ஒட்டிய பறை மெலிந்துள்ளது. தொண்டையினின்று நடுச்செவிக்குச் செல்லும் குழல் நன்றாகத் திறக்கவில்லை. நீருள் ஒரு முழமும் இறங்கலாகாது. காதில் நீர் புகாமற் காத்து, நீர்ப்பரப்பின்மேல் முகமூடியணிந்து மிதப்பதற்குத் தடையில்லை. இவ்வளவே அவர் முடிவு. ஆசிரியர் வழிநெடுகப் பேசவில்லை. மயிலம் கடக்கும்போது குன்றின்மேல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் அவர் வரவில்லை. பயணத்தையே கைவிடலாமென்று யாம் எண்ணினோம். சீட்டுப் பணத்தைப் பகிர்ந்துகொள்ளும் கணக்கைக் கூட வங்கிக் கணக்கர் ஒரு தாளில் எழுதிவிட்டார்.

மூன்றாம் கூட்டத்திற்கு ஆசிரியர் கோடிட்ட பள்ளிக் குறிப்பேடு ஒன்றுடன் வந்தார். நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் அதனை விரித்தார். உள்ளே பயணம் முழுதும் நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தது. எம்மை வியக்கச் செய்தது அதன் பின்பாதி. மூழ்கியவன் உடலில் அழுத்தத்தால் நைட்ரஜன் கரைந்திருக்கும். அது வெளியேறுமுன் உயர்ந்த இடத்துக்குச் சென்றால் குமிழியாகிக் குருதியிலும் மூட்டுகளிலும் கேடு செய்யும். பலமுறை மூழ்கியவர் விமானம் ஏறுதற்கு முன் 18 மணிநேரமேனும் கழியவேண்டும். மலைவழி ஏறுதலும் அத்தகையதே. முன்பு யாம் இட்ட திட்டத்தில் இந்நேரத்தை வீணான நாளென்று ஒதுக்கியிருந்தோம். ஆசிரியர் அதனையே தம் நாளாக்கிக்கொண்டார். கடைசியாக மூழ்கிய மறுநாள் முழுதும் நால்வரும் கரையிலேயே தங்குவோம். காலையில் பழைய துறையின் மேட்டருகே செல்வோம். அகழ்ந்த குழிகளுள் எஞ்சியிருப்பது சிறிதே; பழைய கப்பல்துறையும் தூர்ந்து உப்புப் படிந்த வெளியாகிவிட்டது. மரக்காணத்து உப்பளங்களைக் கண்டு வளர்ந்தவர்க்கு ஒரு துறை உப்புவெளியாதல் புதிய காட்சியன்று என்று அவர் எழுதியிருந்தார்.

அதற்கடுத்த நாள் பாலையைக் கடத்தல். முற்காலத்தில் மியோஸ் ஹோர்மோஸில் இறங்கிய மிளகும் துணியும் ஒட்டகத்தின்மேல் ஏறி ஆறேழு நாளில் நைல் ஆற்றங்கரைக் கொப்தோஸ் நகரை அடைந்து, அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியா சென்றன. இன்று குசைரினின்று அதே வழியிற் செல்லும் சாலை சில மணிநேரத்தில் நைல் கரையிலுள்ள குஃப்து என்னுமூரை அடைகின்றது. அங்கிருந்து லக்சார் நகரம் அண்மையது. இடையிலுள்ள வாதி ஹம்மாமாத் பள்ளத்தாக்கின் பாறைகளில் எகிப்திய மன்னர் காலத்து எழுத்துக்கள் நிறைந்துள்ளன. அப்பள்ளத்தாக்கையும் அதன் பொன்சுரங்கத்தையும் கற்களையும் காட்டும் பாப்பிரஸ் வரைபடம் ஒன்று, ஏறத்தாழ கி.மு. 1150இல் வரையப்பட்டது, இன்று இத்தாலியில் துரின் நகரக் காட்சிச்சாலையில் உள்ளது. ஆசிரியர் அதனைப் பார்த்துத் தம் குறிப்பேட்டில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். ஆற்றுப்படை என்பது, சென்று மீண்டவன் செல்லப்போகின்றவனுக்கு வழிகாட்டுவது; யாம் எவரும் இன்னும் சென்று மீளவில்லையாதலின், இறந்துபோன மாலுமிகளையே மீண்டவராகக் கொண்டேன் என்றார்.

கடலைப் பற்றி அவர் விதித்தது ஒன்றே. மூவரும் குடாவின் பாறைவிளிம்பை ஒட்டியே இறங்கவேண்டும். தாம் வழிகாட்டி ஒருவரோடு மேலே மிதந்து, எம் மூச்சுக்குமிழ் எழும் இடத்தைப் பின்பற்றி வருவார். நீர் தெளிவாயின் கீழே செல்பவரை மேலிருந்து காணலாம். மருந்துக்கடையார் இதனைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்து, ‘கயிறு இப்போது சரியான கையில் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னார். இணையின் கணக்கு மட்டும் மாறவேண்டியதாயிற்று: மூவர் ஆனமையின், பயிற்சிக்கூடத்து வழிகாட்டி ஒருவர் மருந்துக்கடையார்க்கு இணையாவார். அதற்குரிய தொகையை நால்வர் பங்கிலும் சேர்த்துக்கொண்டோம். ஆசிரியர் தம் பங்கைக் குறைக்க ஒப்பவில்லை.

எஞ்சியவை சிறியன. பாஸ்போர்ட் மூவர்க்கு உண்டு; புகைவண்டியாருடையது புதுப்பிக்கப்பட வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்க இன்னும் நாளுண்டு. முகமூடி மட்டும் அவரவர் முகத்துக்குப் பொருந்தியதைத் தாமே கொண்டுவருதல் நன்றென்று ஜித்தாவிலிருந்து மைந்தர் எழுதியமையின், சென்னைக்குச் சென்று நான்கு வாங்கினோம். மீசை உள்ளவர்க்கு முகமூடியுள் நீர் கசியுமென்று கடைக்காரர் எச்சரித்தார். கணக்கர் தம் நாற்பதாண்டு மீசையை எடுப்பதா வேண்டாவா என்பது மார்ச் மாதக் கூட்டத்தில் ஆராயப்படும். எலுமிச்சை ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் எம் வீட்டார் தருவர். செங்கடலில் கடற்பசு மேயும் புல்வெளிகள் உண்டென்றும், நம் பாக்கு நீரிணையில் மீனவர் ஆவுளியா என்றழைப்பதும் அதுவேயென்றும், அதற்காக 2022இல் தமிழக அரசு காப்பகம் அமைத்ததென்றும் ஆசிரியர் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியுள்ளார். அதன் கீழே இரண்டு வரி வெற்றாக விட்டிருக்கின்றார், கண்டால் நாளும் நேரமும் குறிப்பதற்காக.

விடுதியில் எம்மோடிருந்த பழைய மாணவர் எவரேனும் செங்கடற்பக்கம் பணியிலிருப்பாராயின், மலராசிரியர் வாயிலாக எமக்கு எழுதுமாறு வேண்டுகின்றோம். விழுப்புரம் சந்திப்பில் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நேரில் வருவாராயின் தேநீர் எம்முடையது.